அட்வான்ஸுக்கு முன்னால் ஒரு கணக்கு

(பெங்களூரில் தமிழ் கற்போர் மையம் ஒன்றில் தொண்டர் ஒருவர் பேசிய பேச்சு)



இன்றைக்குப் பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிடுங்கள். நாம் வேறு ஒரு காகிதத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். அந்தக் காகிதத்தில் உங்கள் பெயர் இருக்கிறது. நீங்கள் வாங்கிய கடன் இருக்கிறது. கட்டிய தவணை இருக்கிறது. உங்களில் பலர் அதை ஒரு முறைகூடப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆனால் வங்கிக்காரர் பார்க்கிறார். பார்த்துவிட்டுத்தான் "கடன் தருகிறேன்" என்றோ "இல்லை" என்றோ சொல்கிறார்.

நான் உங்களில் பலருக்கு மகள் வயது. உயர்நிலைப் பள்ளி வரை படித்தவள். வங்கியில் வேலை செய்தவள் இல்லை. படித்துத் தெரிந்துகொண்டதையும், நம் தெருவில் கண்ணால் பார்த்ததையும் சொல்கிறேன். சந்தேகம் வந்தால் நடுவிலேயே கேளுங்கள்.

முதலில் ஒரு கேள்வி. வாடகை வீட்டில் இருப்பவர்கள் கை தூக்குங்கள். சரி, ஏறக்குறைய எல்லோரும் தூக்கிவிட்டீர்கள். இனி அடுத்த கேள்வி. அட்வான்ஸ் கொடுப்பதற்காகக் கடன் வாங்கியவர்கள் மட்டும் கையை இறக்காமல் இருங்கள். பாருங்கள், பாதிக் கைக்கு மேல் அப்படியே நிற்கிறது. அதனால்தான் இந்தப் பேச்சு.

ஐந்து வட்டியும் வங்கி வட்டியும்

பெங்களூரில் வீடு பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாத வாடகையைவிட அட்வான்ஸ்தான் மலை. ஐந்து மாத வாடகை, ஆறு மாத வாடகை என்று கேட்கிறார்கள். பத்து மாத வாடகை கேட்பதும் இந்த ஊரில் பழைய வழக்கம். லீஸுக்கு, அதாவது போகியத்துக்குப் போனால் லட்சக் கணக்கில் பணம் வேண்டும்.

வீட்டுச் சொந்தக்காரர் பொதுவாக உங்கள் கடன் மதிப்பெண்ணைக் கேட்பதில்லை. அவர் கேட்பது அட்வான்ஸ். அந்த அட்வான்ஸுக்குக் கடன் கேட்டு நாம் வங்கிக்குப் போகும்போதுதான் மதிப்பெண் குறுக்கே வந்து நிற்கிறது.

கரும்பலகையில் ஒரு கணக்குப் போடுவோம். நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

மாத வாடகை 8,000 ரூபாய். பத்து மாத அட்வான்ஸ் 80,000 ரூபாய். கையில் 30,000 ரூபாய் இருக்கிறது. இன்னும் 50,000 ரூபாய் வேண்டும்.

வட்டிக்காரரிடம் போகிறோம். நூற்றுக்கு ஐந்து வட்டி. மாதம் 2,500 ரூபாய் வட்டி. ஒரு வருடம் கட்டினால் 30,000 ரூபாய். அப்போதும் அசல் 50,000 ரூபாய் அப்படியே நிற்கும்.

இதே பணத்தை வங்கியில் வாங்கினால் எவ்வளவு? வங்கி வட்டி இடத்துக்கு இடம் மாறும். கணக்குக்காக ஆண்டுக்கு நூற்றுக்கு 14 என்று வைத்துக்கொள்வோம். மாதம் சுமார் 4,490 ரூபாய் வீதம் பன்னிரண்டு தவணை கட்ட வேண்டும். அசலும் முடிந்துவிடும், வட்டியும் முடிந்துவிடும். மொத்த வட்டி சுமார் 3,900 ரூபாய். இதோடு கடன் கொடுப்பதற்கான கட்டணம் கொஞ்சம் பிடிப்பார்கள்.

ஒரு பக்கம் 30,000. இன்னொரு பக்கம் 3,900. வித்தியாசம் 26,000 ரூபாய்க்கு மேல். 8,000 ரூபாய் வாடகைக்கு அது மூன்று மாத வாடகையைவிட அதிகம். கடன் மதிப்பெண் கெட்டுப்போனவர் இந்தப் பணத்தைத்தான் வருடா வருடம் இழக்கிறார்.

மதிப்பெண் என்றால் என்ன?

மளிகைக் கடையில் அண்ணாச்சி ஒரு நோட்டு வைத்திருப்பார். யார் எவ்வளவு வாங்கினார், எப்போது கொடுத்தார் என்று அதில் இருக்கும். சொன்ன தேதியில் கொடுப்பவருக்குத் தயங்காமல் அரிசி போடுவார். இழுத்தடிப்பவரிடம், "பழைய பாக்கி என்ன ஆச்சு?" என்பார்.

நாடு முழுவதற்கும் அப்படி நோட்டு வைத்திருக்கும் கம்பெனிகள் இருக்கின்றன. அவற்றுக்குக் கடன் தகவல் நிறுவனங்கள் என்று பெயர். இந்தியாவில் நான்கு நிறுவனங்கள் உள்ளன. டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க். இவற்றில் சிபில்தான் மூத்தது. 2000ஆம் ஆண்டில் தொடங்கியது. அதனால்தான் எல்லோரும் "சிபில் பார்க்கணும்", "சிபில் சரியில்லை" என்று சொல்கிறார்கள். இந்த நிறுவனங்களுக்கென்று 2005ஆம் ஆண்டில் தனிச் சட்டம் வந்தது. ரிசர்வ் வங்கி இவற்றைக் கண்காணிக்கிறது.

வங்கிகளும் கடன் கம்பெனிகளும் நம் கணக்கை இந்த நிறுவனங்களுக்கு அனுப்புகின்றன. குறைந்தது பதினைந்து நாளுக்கு ஒரு முறை அனுப்ப வேண்டும் என்ற விதி 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்தக் கணக்கைப் பார்த்து நமக்கு ஒரு மதிப்பெண் போடுகிறார்கள். குறைந்தது 300. அதிகம் 900. பொதுவாக 750க்கு மேல் இருந்தால் கடன் கிடைப்பது எளிது. குறையக் குறையக் கஷ்டம். கிடைத்தாலும் வட்டி கூடும்.

இவ்வளவு மதிப்பெண் இருந்தால்தான் கடன் என்று ரிசர்வ் வங்கி எந்த எல்லையும் வைக்கவில்லை. ஒவ்வொரு வங்கியும் தானே முடிவு செய்கிறது. ஒரு வங்கியில் இல்லை என்றால் எல்லா வங்கியிலும் இல்லை என்று அர்த்தம் இல்லை.

இதுவரை கடனே வாங்காதவருக்கு என்ன மதிப்பெண்? அவருக்கு மதிப்பெண்ணே இருக்காது. மைனஸ் 1 என்று காட்டலாம். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது கெட்ட மதிப்பெண் இல்லை. நோட்டில் இன்னும் பக்கம் திறக்கவில்லை, அவ்வளவுதான். முதல் முறை கடன் கேட்பவரை, பழைய கணக்கு இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் திருப்பி அனுப்பக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது.

எது பதிவாகும், எது பதிவாகாது?

வங்கிக் கடன் பதிவாகும். வங்கியிலோ கம்பெனியிலோ வைத்த நகைக் கடன் பதிவாகும். தவணையில் வாங்கிய செல்போன், டிவி, வண்டி பதிவாகும். குழுவில் வாங்கும் மைக்ரோ ஃபைனான்ஸ் கடனும் பதிவாகும். கிரெடிட் கார்டும் பதிவாகும்.

தெரு வட்டிக்காரரிடம் வாங்கியது பதிவாகாது. நமக்குள் போடும் சீட்டு பதிவாகாது. அக்கம்பக்கத்தில் கைமாற்று வாங்கியது பதிவாகாது. மாதா மாதம் தவறாமல் கொடுக்கும் வாடகையும் பொதுவாக இந்த நோட்டில் ஏறுவதில்லை.

இதில் ஒரு அநியாயம் இருக்கிறது. பத்து வருடம் நாணயமாக வாடகை கொடுத்தவர், சீட்டில் ஒரு மாதம்கூடத் தவறாதவர், இந்த நோட்டில் யாரும் இல்லை. ஆனால் செல்போன் தவணை இரண்டு தவறினால் உடனே ஏறிவிடும். ஆகவே மதிப்பெண் குறைவாக இருந்தால் "நான் நாணயம் இல்லாதவன்" என்று யாரும் தலை குனிய வேண்டாம். அது உங்கள் குணத்துக்குப் போட்ட மார்க் இல்லை. சில கடன்களின் தேதிக்குப் போட்ட மார்க்.

இன்னொன்று ஜாமீன் கையெழுத்து. மச்சானுக்காக, சித்தப்பாவுக்காக, நண்பனுக்காகக் கையெழுத்துப் போடுகிறோம். அவர் கட்டாவிட்டால் அந்தக் கடன் நம் பெயரிலும் நிற்கும். கை நாட்டு வைத்த காலத்தில் என்ன காகிதம் என்றே தெரியாமல் வைத்தோம். இப்போது படிக்கத் தெரியும். படித்துவிட்டுப் போடுங்கள்.

அறிக்கையை எப்படி வாங்குவது? எப்படிப் படிப்பது?

நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். 2017 முதல் இது நடைமுறையில் உள்ளது. ஆகவே பணம் கொடுக்காமலே வருடத்தில் நான்கு முறை பார்க்கலாம். அந்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் செல்போன் வழியாக வாங்கலாம். வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் உதவச் சொல்லுங்கள். பான் கார்டும் உங்கள் செல்போனும் பக்கத்தில் இருக்கட்டும். செல்போனில் வரும் ரகசிய எண்ணை வேறு யாரிடமும் சொல்லாதீர்கள்.

கடன் கேட்டு வங்கிக்குப் போயிருந்தால் இன்னொரு வழியும் உண்டு. வங்கி உங்களைப் பற்றி வாங்கிய அறிக்கையின் நகலை நீங்கள் கேட்டால் தர வேண்டும். சட்டத்தில் அந்த உரிமை இருக்கிறது. சிறு கட்டணம் கேட்கலாம். "சிபில் சரியில்லைம்மா, போங்க" என்று சொன்னால் எழுந்து வந்துவிடாதீர்கள். "சார், என்ன சரியில்லை என்று காட்டுங்கள், நகல் கொடுங்கள்" என்று கேளுங்கள்.

நம் அறிக்கையை நாமே பார்த்தால் மதிப்பெண் குறையாது. சிலர் குறையும் என்று பயமுறுத்துவார்கள். நம்பாதீர்கள்.

அறிக்கை கையில் வந்ததும் நான்கு விஷயம் பாருங்கள்.

ஒன்று, பெயர், பிறந்த தேதி, பான் எண், விலாசம். எல்லாம் உங்களுடையதா?

இரண்டு, கடன் பட்டியல். ஒவ்வொரு கடனும் நீங்கள் வாங்கியதுதானா? வாங்காத கடன் ஏதாவது இருக்கிறதா?

மூன்று, மாதக் கட்டங்கள். ஒவ்வொரு கடனுக்கும் கீழே மாதம் மாதமாகக் கட்டம் இருக்கும். சிபில் அறிக்கையில் 36 மாதம் வரை இருக்கும். கட்டத்துக்குள் இருக்கும் எண், தவணை எத்தனை நாள் தாமதம் என்பதைச் சொல்கிறது. 000 என்றால் தாமதம் இல்லை. 030 என்றால் முப்பது நாள் தாமதம். 090 என்றால் தொண்ணூறு நாள். எண் படிக்கத் தெரிந்த யாரும் இதைப் படிக்கலாம்.

நான்கு, கடனின் நிலை. இது ஆங்கிலத்தில் இருக்கும். மூன்று சொற்களை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். "குளோஸ்டு" என்றால் கடன் முழுவதும் கட்டி முடிந்தது. நல்லது. "செட்டில்டு" என்றால் பேரம் பேசிக் குறைத்துக் கட்டியது. வங்கிக்கு நஷ்டம் என்று பதிவு. "ரிட்டன் ஆஃப்" என்றால் இனி வராது என்று வங்கி தன் புத்தகத்தில் எழுதியது. அதைத் தள்ளுபடி என்று நினைத்து ஏமாறாதீர்கள். கடன் நம் தலையில்தான் இருக்கிறது.

தவறு இருந்தால் விடாதீர்கள்

எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார். இட்லி சுட்டு விற்கிறார். நம் வகுப்பில் படித்தவர்தான். குழுவில் 30,000 ரூபாய் கடன் வாங்கி, எல்லாத் தவணையும் கட்டி முடித்தார். கடைசி இரண்டு தவணையை வசூலுக்கு வந்த பையன் கையில் கொடுத்தார். அவன் அட்டையில் கையெழுத்துப் போட்டான். பணத்தைக் கணக்கில் சேர்த்தானா இல்லையா என்பது அப்போது தெரியவில்லை.

இரண்டு வருடம் கழித்துப் பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடு கிடைத்தது. அட்வான்ஸுக்கு வங்கியில் கடன் கேட்டார். சிபில் சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்காரர் ஒரு வாரம் பொறுத்தார். பிறகு வேறு ஆளுக்கு விட்டுவிட்டார்.

அக்கா அறிக்கையை வாங்கி வந்து வகுப்பில் என் முன்னால் விரித்தார். நாங்கள் இருவரும் கட்டம் கட்டமாகப் படித்தோம். முடிந்துபோன குழுக் கடன், பாக்கி என்று இருந்தது. "அட்டை எங்கே அக்கா?" என்று கேட்டேன். அரிசி டப்பாவுக்குக் கீழே பத்திரமாக வைத்திருந்தார். கையெழுத்துப் போட்ட இரண்டு தேதியும் அதில் இருந்தன.

நகல் எடுத்தார். தன் கையாலேயே கடிதம் எழுதினார். கம்பெனிக்கு ஒன்று, கடன் தகவல் நிறுவனத்துக்கு ஒன்று. ஒரு மாதத்துக்குள் பதிவு மாறியது. சில மாதம் கழித்து வங்கியில் கடனும் கிடைத்தது. பள்ளிக்கூடத்துப் பக்கத்து வீடு போனது போனதுதான். ஆனால் அடுத்த வீட்டுக்கு ஐந்து வட்டிக்கு வாங்க வேண்டிய நிலை வரவில்லை.

புகார் கொடுத்தால் 30 நாளுக்குள் சரி செய்ய வேண்டும். தாமதமானால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் வீதம் நமக்கு இழப்பீடு தர வேண்டும். 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி இதை ஆணையிட்டது. 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது.

கடிதம் எப்படி எழுதுவது? கரும்பலகையைப் பாருங்கள்.

*அனுப்புநர்: உங்கள் பெயர், விலாசம், செல்போன் எண்.*

*பெறுநர்: மேலாளர், கிளையின் பெயர்.*

*ஐயா,*

*பொருள்: கடன் பதிவில் உள்ள தவற்றைத் திருத்தக் கோருதல்.*

*நான் உங்களிடம் வாங்கிய கடனின் எண் இது. இந்தக் கடனை இந்தத் தேதியில் முழுவதும் கட்டி முடித்தேன். ஆனால் என் கடன் அறிக்கையில் பாக்கி இருப்பதாக உள்ளது. பணம் கட்டிய ரசீதின் நகலை இணைத்துள்ளேன். பதிவைத் திருத்தி, எனக்கு எழுத்தில் பதில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.*

*தேதி, கையெழுத்து.*

இரண்டு பிரதி எழுதுங்கள். ஒன்றைக் கொடுங்கள். இன்னொன்றில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் தேதியும் வாங்குங்கள். அந்தத் தேதியிலிருந்துதான் 30 நாள் எண்ண வேண்டும்.

முப்பது நாள் ஆகியும் பதில் இல்லையா? பதில் நியாயமாக இல்லையா? ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கடன் தகவல் நிறுவனங்கள் மீதும் 2022 செப்டம்பர் முதல் அங்கே புகார் செய்யலாம். கட்டணம் கிடையாது. வக்கீல் வேண்டாம். 14448 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் எப்படி எழுதுவது என்று சொல்வார்கள். தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம்.

பாக்கி உண்மையானால்

தவறு நம் பக்கம் இருந்தால் என்ன செய்வது? மறைந்து ஓடினால் பாக்கி வளரும். வங்கிக்கு நேரில் போங்கள். மொத்தம் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். ஒரேயடியாக முடியாவிட்டால், மாதம் இவ்வளவுதான் முடியும் என்று எழுதிக் கொடுங்கள்.

சில நேரம் "20,000 பாக்கியில் 12,000 கட்டுங்கள், முடித்துவிடலாம்" என்பார்கள். கேட்க இனிக்கும். ஆனால் அறிக்கையில் "செட்டில்டு" என்று ஏறும். அது பல வருடம் நிற்கும். அடுத்த வங்கிக்காரர் அதைப் பார்த்துத் தயங்குவார். முடிந்தால் முழுவதும் கட்டி "குளோஸ்டு" என்று வாங்குங்கள். வேறு வழியே இல்லை, வீட்டில் நோய், வேலை போய்விட்டது என்றால், செட்டில் செய்வது வட்டி ஏறிக்கொண்டே போவதைவிட மேல். விளைவு தெரிந்து செய்யுங்கள்.

கட்டி முடித்ததும் நிலுவை இல்லை என்ற சான்று வாங்குங்கள். "நோ டியூ சர்டிபிகேட்" என்று கேட்டால் புரியும். ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் அதையும் வையுங்கள்.

வசூலுக்கு வருபவர்கள் மிரட்டினால்? காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை ஏழு மணிக்குப் பின்பும் கடன் வசூலுக்காகப் போன் செய்யக் கூடாது, மிரட்டக் கூடாது, அவமானப்படுத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் சொல்லியிருக்கிறது. சிறுகடன் வசூல் கொடுமையைத் தடுக்கக் கர்நாடகம் 2025ஆம் ஆண்டில் தனிச் சட்டமே கொண்டுவந்தது. கடன்பட்டவருக்கும் மானம் உண்டு. அதைச் சட்டமும் சொல்கிறது.

வீடு தேடும் முன் ஆறு மாத வேலை

வீடு பார்த்த பிறகு சிபில் பார்ப்பது, மழை வந்த பிறகு கூரை வேய்வது போல. மதிப்பெண் ஒரு வாரத்தில் ஏறாது. ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். ஆகவே வீடு மாற்றும் நினைப்பு வந்ததுமே தொடங்குங்கள்.

முதல் மாதம் அறிக்கை வாங்குங்கள். படியுங்கள். தவறு இருந்தால் கடிதம் எழுதுங்கள்.

இரண்டாம் மாதம் சின்ன பாக்கிகளை முடியுங்கள். 800 ரூபாய், 1,500 ரூபாய் என்று மறந்துபோன பாக்கி இருக்கும். செல்போன் தவணையின் கடைசி மாதம், கார்டின் வருடக் கட்டணம் என்று இருக்கும். சின்னதுதான், ஆனால் கட்டத்தில் தாமதம் என்று காட்டிக்கொண்டே இருக்கும்.

மூன்றாம் மாதத்திலிருந்து ஒரு தவணையும் தவறக் கூடாது. தவணை வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிப்பதாக இருந்தால், இரண்டு நாள் முன்பே பணத்தைப் போட்டு வையுங்கள். பணம் இல்லாமல் திரும்பினால் அபராதமும் உண்டு, பதிவும் உண்டு. காலண்டரில் தவணைத் தேதியைச் சிவப்பு மையால் வட்டம் போடுங்கள். கட்டியதும் பக்கத்தில் ரசீது எண்ணை எழுதுங்கள்.

கிரெடிட் கார்டு இருந்தால், கொடுத்த அளவு முழுவதையும் செலவழிக்காதீர்கள். 30,000 ரூபாய் அளவு என்றால் 9,000, 10,000 ரூபாய்க்குள் நிறுத்துங்கள். "குறைந்தபட்சம் கட்டினால் போதும்" என்று இருப்பதைக் கட்டினால் மீதிக்கு வட்டி ஏறும்.

இந்த ஆறு மாதமும் புதுக் கடன் கேட்காதீர்கள். ஒரே மாதத்தில் நான்கு இடத்தில் கேட்டால் நான்கும் பதிவாகும். "இவருக்குப் பண நெருக்கடி போல" என்று மதிப்பெண் குறையும். மதிப்பெண்ணை ஏற்றுவதற்காக மட்டும் தேவையில்லாத கடன் வாங்குவதும் வேண்டாம்.

ஆறாம் மாதம் வேறொரு நிறுவனத்திடம் இலவச அறிக்கை வாங்கிப் பாருங்கள். திருத்தம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒரே ஒரு வங்கிக்குப் போங்கள். சம்பளமோ சேமிப்போ போடுகிற வங்கியாக இருந்தால் நல்லது.

இதையெல்லாம் செய்யும்போதே மாதம் கொஞ்சம் சேமித்து வையுங்கள். 500 ரூபாய் வைத்தாலும் ஆறு மாதத்தில் 3,000. அந்த அளவுக்குக் கடன் குறையும்.

ஏமாற்றுக்காரர்கள்

"சிபிலை ஒரே நாளில் ஏற்றித் தருகிறேன், 3,000 ரூபாய் கொடுங்கள்" என்று சிலர் வருவார்கள். செல்போனிலும் விளம்பரம் வரும். உண்மையான தாமதத்தை யாரும் அழிக்க முடியாது. தவறான பதிவைத் திருத்த யாருக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை. நடுவில் நிற்பவர் உங்கள் பான், ஆதார் நகலை வைத்து உங்கள் பெயரிலேயே கடன் வாங்கிவிட்டால் என்ன ஆகும்? யோசித்துப் பாருங்கள்.

ஐந்து நிமிடத்தில் கடன் தரும் செல்போன் செயலிகளிலும் கவனம் வேண்டும். கடன் கொடுப்பது எந்த வங்கி, எந்தக் கம்பெனி என்று பெயர் சொல்லாத செயலியைத் தொடாதீர்கள். செல்போனில் உள்ள எண்களையும் படங்களையும் எடுத்துக்கொண்டு மிரட்டியவர்கள் உண்டு.

பணம் கை மாறும்போது

கடன் கிடைத்து வீடும் கிடைத்தது. இப்போது கடைசி வேலை. அட்வான்ஸைக் கொடுக்கும்போது ஒப்பந்தப் பத்திரத்தில் அந்தத் தொகை எண்ணாலும் எழுத்தாலும் இருக்கிறதா என்று நீங்களே படியுங்கள். வீட்டைக் காலி செய்யும்போது எப்போது திருப்பித் தருவார், பெயிண்ட் அடிக்க எவ்வளவு பிடிப்பார் என்பதும் இருக்க வேண்டும். வங்கி வழியாகக் கொடுத்தால் சாட்சி தானாக இருக்கும். ரொக்கமாகக் கொடுத்தால் ரசீது வாங்குங்கள்.

மத்திய அரசு 2021ஆம் ஆண்டில் ஒரு மாதிரி வாடகைச் சட்டம் கொண்டுவந்தது. குடியிருக்கும் வீட்டுக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்று அது சொல்கிறது. ஆனால் அது மாதிரிதான். ஒரு மாநிலம் அதைத் தன் சட்டமாக ஆக்கினால்தான் அங்கே செல்லும். அந்த நியாயத்தை எல்லோரும் சேர்ந்துதான் கேட்க வேண்டும். அதுவரைக்கும் நம் நோட்டை நாம் சரியாக வைத்துக்கொள்வோம்.

அக்காமார்களே, அண்ணன்மார்களே, இந்த வகுப்புக்கு வந்த முதல் நாள், "இந்த வயதில் படித்து என்ன செய்யப் போகிறோம்?" என்று கேட்டீர்கள். இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் அறிக்கையை வாங்கி வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். அடுத்தவருக்குக் காட்ட வேண்டியதில்லை. அவரவர் காகிதத்தை அவரவர் படிப்போம். கட்டத்தில் உள்ள எண்களைப் படிப்போம். திருத்த வேண்டியதற்கு இங்கேயே உட்கார்ந்து கடிதம் எழுதுவோம். பேப்பரும் பேனாவும் நான் கொண்டுவருகிறேன்.



பேசிப் பார்ப்போம்

1. 40,000 ரூபாய்க்கு நூற்றுக்கு மூன்று வட்டி என்றால் ஒரு வருடத்துக்கு எவ்வளவு வட்டி? கணக்குப் போடுங்கள்.

2. "குளோஸ்டு", "செட்டில்டு" இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

3. உங்கள் வீட்டில் உள்ள கடன் ரசீதுகள் எங்கே இருக்கின்றன? அவற்றை ஒரே பையில் எடுத்து வையுங்கள்.

4. ஜாமீன் கையெழுத்துக் கேட்டு நெருங்கிய சொந்தக்காரர் வந்தால் என்ன சொல்வீர்கள்? குழுவில் பேசுங்கள்.

5. பதிவைத் திருத்தக் கேட்டு உங்கள் பெயரில் ஒரு கடிதம் எழுதுங்கள்.